பெட்டிக்குள் இருக்கும் பத்திரம்: பி.ஏ.சி.எல். பணம் என்ன ஆனது?

தென் மாவட்ட வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமியார் இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றியவர். பால் பணத்தில் மாதம் 500 ரூபாய் எடுத்து, ஆறு ஆண்டுகள் பி.ஏ.சி.எல். நிறுவனத்தில் கட்டினார். மொத்தம் 36,000 ரூபாய். மாதாமாதம் வந்து பணம் வாங்கிப்போனவர் அதே தெருவில் இருக்கும் கொழுந்தன் முறை உறவுக்காரர். தவணை முடிந்தபோது நிறுவனமே முடங்கிவிட்டது. 2019-இல் பேரன் டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்தான். பணம் வரவில்லை. சென்ற ஆண்டு மாமியார் காலமாகிவிட்டார். இப்போது முதலீட்டாளர் சங்கத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்குகிறாராம். அசல் பத்திரத்தையும், செலவுக்கு 3,000 ரூபாயையும் கொடுத்தால் ஆறு மாதத்தில் வட்டியோடு பணம் கைக்கு வந்துவிடும் என்கிறாராம். கொடுக்கலாமா?

இன்னொரு கடிதம் ஒரு விவசாயியிடமிருந்து. பக்கத்து ஊரில் இரண்டு ஏக்கர் புஞ்சை, அக்கம்பக்கத்து விலையில் பாதிக்கு வருகிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் நடுவில் ஏதோ ஒரு வடநாட்டுக் கம்பெனியின் பெயர் வருகிறது. விசாரித்தால் பி.ஏ.சி.எல். வாங்கிய நிலம் என்கிறார்கள். "அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, பவர் எங்க கையில்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்கிறாராம் தரகர். வாங்கலாமா?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றே: வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள அந்த நிறுவனம் பிறந்ததிலிருந்து இன்றுவரை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது மூடப்பட்டது என்று தரகர் சொல்வது பாதிதான் உண்மை. வசூல் நின்றுவிட்டது. ஆனால் அதன் நிலம், பத்திரம், வழக்கு, விண்ணப்பம் எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

1990-களில் செய்தித்தாள் படித்தவர்களுக்கு தேக்கு விளம்பரங்கள் நினைவிருக்கும். ஒரு கன்றுக்கு இவ்வளவு கட்டினால் இருபது ஆண்டில் இத்தனை லட்சம் என்று பக்கம் பக்கமாக வந்தன. சென்னையில் இருந்த அனுபவ் பிளான்டேஷன்ஸ் அவற்றில் பெரிய பெயர். 1998-இல் அது விழுந்தது. அந்த விளம்பரங்களை வேளாண்மை தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கியிருப்பார். தேக்குக்கு வடிகால் உள்ள ஆழமான மண் வேண்டும்; தண்ணீர் தேங்கினால் தேறாது; நட்ட கன்றெல்லாம் மரமாகாது; வைரம் பாயாத மரத்துக்கு விலையும் இல்லை. விளம்பரத்தில் ஒவ்வொரு கன்றும் மரமாகி, ஒவ்வொரு மரமும் ஒரே பருமனில் நின்றது. ஆனால் பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் நகரத்துச் சம்பளக்காரர்கள். அவர்களுக்குத் தேக்கும் தெரியாது, மண்ணும் தெரியாது.

இப்படித் தோட்டம், பண்ணை, நிலம் என்று சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் நிறுவனங்களை செபி என்கிற பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியத்தின் கீழ் கொண்டுவருவதாக மத்திய அரசு 1997 நவம்பரில் அறிவித்தது. 1999-இல் அதற்கான விதிகள் வந்தன. கூட்டு முதலீட்டுத் திட்டம் என்பது அவற்றுக்குச் சட்டம் வைத்த பெயர். பலரிடம் வாங்கிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, அதை நிறுவனமே நிர்வகித்து, லாபம் தருவதாகச் சொல்லி, கட்டியவருக்கு அன்றாட நிர்வாகத்தில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நடத்தினால் அது கூட்டு முதலீடு. செபியில் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது.

பி.ஏ.சி.எல். அந்தச் சமயத்தில்தான் வளரத் தொடங்கியிருந்தது. பேர்ல்ஸ் என்ற பெயரோடு சேர்த்து அறியப்பட்ட குழுமம் அது. நிறுவனர் நிர்மல் சிங் பாங்கூ பஞ்சாப்காரர். இளமையில் பால் வியாபாரம் செய்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. 1980-களில் பேர்ல்ஸ் என்ற பெயரில் மரம் வளர்ப்புத் திட்டம் நடத்தி, பிறகு 1996-இல் ஜெய்ப்பூரில் பதிவான நிறுவனம்தான் பி.ஏ.சி.எல். ஆனது. விவசாய நிலம் வாங்கி, மேம்படுத்தி, விற்பதுதான் தன் தொழில் என்று அது சொல்லிக்கொண்டது.

திட்டம் பார்ப்பதற்கு எளிமையாக இருந்தது. மொத்தமாகவோ தவணையிலோ பணம் கட்டலாம். கட்டுகிற பணத்துக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்குவோம் என்று ஒப்பந்தம். ஆண்டுகள் முடிந்ததும் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது அந்த நிலத்தின் மதிப்பைப் பணமாகப் பெறலாம். கிட்டத்தட்ட எல்லோருமே பணத்துக்காகத்தான் கட்டினார்கள்.

விவசாயி கண்ணோடு பார்த்தால் இதில் இரண்டு விஷயம் உறுத்த வேண்டும். ஒன்று, பணம் வாங்கும்போது எந்த ஊர், எந்தச் சர்வே எண், நான்கு எல்லை எது என்று சொல்லப்படவில்லை. ஆடு வாங்கினாலே பல்லைப் பார்த்து வாங்குகிறவர்கள், நிலத்துக்கு எல்லை கேட்காமல் ஆறு ஆண்டு பணம் கட்டினார்கள். இரண்டு, ஆறு ஆண்டு கழித்து நிலம் என்ன மதிப்புக்குப் போகும் என்பது முதல் நாளே காகிதத்தில் எண்ணாக இருந்தது. அடுத்த தை மாதம் மக்காச்சோளம் குவிண்டால் என்ன விலைக்குப் போகும் என்று யாராலும் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. நில விலையை எப்படி எழுத முடியும்? எழுத முடிந்தது என்றால் அங்கே நிலம் இல்லை, வட்டிதான் இருக்கிறது என்று பொருள்.

செபி 1999-இலேயே பி.ஏ.சி.எல்.-ஐ விதிக்குள் வரச் சொன்னது. நாங்கள் செய்வது நில வியாபாரம், கூட்டு முதலீடே கிடையாது என்று நிறுவனம் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2003 நவம்பரில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. செபி உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. அந்த மேல்முறையீடு முடிந்தது 2013 பிப்ரவரியில். உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, இது கூட்டு முதலீடுதானா என்று விசாரித்து நடவடிக்கை எடுக்கும்படி செபியிடம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இடையில் ஓடிய ஒன்பது ஆண்டுகளைத்தான் கவனிக்க வேண்டும். வாசகியின் மாமியார் பணம் கட்டியது அந்த ஆண்டுகளில்தான். கடைக்கோடிக் கிராமம் வரை ஏஜென்டுகள் வந்தார்கள். வந்தவர்கள் அந்நியர்கள் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார், மகளிர் குழுத் தலைவி, மாமன், மச்சான். கமிஷன் கிடைத்தது; சிலருக்கு உண்மையான நம்பிக்கையும் இருந்தது. முதலில் சேர்ந்தவர்களுக்குச் சொன்னபடி பணம் திரும்ப வந்ததால் அந்த நம்பிக்கை வளர்ந்தது. பின்னால் வருகிறவர் பணத்தில் முன்னால் வந்தவருக்குக் கொடுக்கும் வரை எந்தத் திட்டமும் நாணயமாகத்தான் தெரியும். பேர்ல்ஸ் பெயர் தொலைக்காட்சியில் வந்தது. பஞ்சாபில் நடந்த உலகக் கோப்பை கபடிப் போட்டிக்குப் புரவலர் பெயராக நின்றது. இவ்வளவு பெரிய கம்பெனி எங்கே ஓடிவிடப்போகிறது என்று கேட்டவர்கள் பலர்.

செபியின் இறுதி உத்தரவு 2014 ஆகஸ்ட் 22-இல் வந்தது. நிறுவனம் திரட்டிய தொகை குறைந்தது 49,100 கோடி ரூபாய். வாடிக்கையாளர்கள் சுமார் 5.85 கோடி பேர். அதில் 1.22 கோடி பேருக்கு நிலம் ஒதுக்கிவிட்டதாக நிறுவனம் சொன்னது. மீதி 4.63 கோடி பேருக்கு நிலம் ஒதுக்கவே இல்லை.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4.63 கோடி பேருக்கும் ஆளுக்கு வெறும் 3 சென்ட் என்றே வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 14 லட்சம் ஏக்கர் வருகிறது. காவிரி டெல்டாவில் தண்ணீர் நன்றாக வரும் ஆண்டில் குறுவை நடவு ஐந்து லட்சம் ஏக்கரை ஒட்டி நடக்கிறது. அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நிலத்தை, வில்லங்கம் இல்லாமல், பாதையோடு, அளந்து கல் ஊன்றி இத்தனை கோடிப் பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பிர்க்காவில் உட்பிரிவு மனுக்களை முடிக்கவே சர்வேயர் திணறுகிறார். பதிவேட்டில் ஏறாத இந்தக் கணக்கை எந்தக் கிராம நிர்வாக அலுவலரும் ஒரு சாயங்காலத்தில் போட்டுச் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆள் இல்லை.

பணத்தை மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுக்கச் சொன்னது செபி. நிறுவனம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2015 ஆகஸ்டில் அங்கேயும் தோற்றது. அடுத்த மாதம் 7,269.5 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். சி.பி.ஐ. 2014-லேயே வழக்குப் பதிந்திருந்தது. 2016 ஜனவரியில் பாங்கூ கைதானார். வழக்கு முடிவதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார்.

இதெல்லாம் தண்டனைக் கணக்கு. கட்டியவர்களின் பணக் கணக்கு தொடங்கியது 2016 பிப்ரவரி 2-இல். நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் நிலத்தை விற்று, அந்தப் பணத்தைக் கட்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அன்று உத்தரவிட்டது. அதற்காக முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில், நிறுவனமோ அதன் இயக்குநர்களோ சார்ந்தவர்களோ எந்தச் சொத்தையும் விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது என்று தடையும் வந்தது. இரண்டாவது கடிதம் எழுதிய விவசாயி இந்தத் தடையைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தரகர் கையில் இருக்கும் பவர் எந்தத் தேதியில் போட்டதாக இருந்தாலும், அந்த நிலத்தை விற்கும் உரிமை அவருக்கு இல்லை.

நிலம் இருக்கிறதே, விற்றுக் கொடுக்க இத்தனை ஆண்டா என்று கேட்பது நியாயம்தான். கிராமத்தில் ஒரு பூர்விகச் சொத்தைப் பாகம் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் பதில் பாதி தெரிந்திருக்கும். சி.பி.ஐ. கைப்பற்றி லோதா குழுவிடம் ஒப்படைத்த சொத்து ஆவணங்கள் ஏறத்தாழ 43,000. கூடவே ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, போர்ஷே என்று சில கார்களும் வந்தன. கார்களை விற்பது சுலபம். ஆவணங்களைப் பிரித்து உட்கார்ந்தால்தான் தலைவலி. நிலம் பி.ஏ.சி.எல். என்ற ஒரே பெயரில் இல்லை. அதோடு சேர்ந்த பல கம்பெனிகள் பெயரில், தனிநபர்கள் பெயரில், பல மாநிலங்களில் சிதறிக் கிடக்கிறது. தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஆவணம் என்றால் எல்லாமே கிரயப் பத்திரம் ஆகிவிடாது. முன்பணம் மட்டும் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்தால் மீதிப் பணம் வராத விவசாயி நிலத்தை இன்னும் தன்னுடையது என்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கும். பாகம் பிரிக்காத சொத்தில் அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் தங்கைகளுக்குப் பங்கு நிற்கும். நிறுவனத்திடமிருந்து நல்லெண்ணத்தில் வாங்கி வீடு கட்டியவர்கள் வேறு. இப்படி ஆட்சேபம் சொல்பவர்களை ஒவ்வொருவராக விசாரிக்க ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஆர்.எஸ்.விர்க் நியமிக்கப்பட்டார். ஒவ்வொரு ஆட்சேபமும் ஒரு சின்ன சிவில் வழக்கு மாதிரி.

நிலத்தின் தரம் இன்னொன்று. மலிவாகக் கிடைக்கிற நிலம் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் இருக்காது, பாதை இருக்காது, கரம்பாகக் கிடக்கும், சீமைக்கருவேலம் மூடியிருக்கும். கட்டியவர்களிடம் காகிதத்தில் விற்ற விலைக்கும், ஏலத்தில் அந்த நிலத்துக்கு ஒருவர் கேட்கிற விலைக்கும் மடு மலை வித்தியாசம் இருக்கும். யாரும் காவல் இல்லாத நிலத்தில் ஆக்கிரமிப்பும் வந்துவிடும். இதற்கு நடுவில் போலிப் பத்திரம் போட்டு விற்றுவிடுகிறவர்கள் இருந்தால், குழு ஏலத்துக்கு வரும்போது அங்கே நான்காவது கைக்கு நிலம் மாறியிருக்கும். அந்த நான்காவது கை ஏமாந்த விவசாயியின் கையாக இருக்கும்.

வெளிநாட்டிலும் பணம் தேட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் கடற்கரையில் ஷெரட்டன் மிராஜ் என்கிற சொகுசு ஓட்டல் இந்தக் குழுமத்தின் வசம் இருந்தது. பால் பணமும் கூலிப் பணமும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். அங்கே நீதிமன்றம் போய் ஒரு பகுதிப் பணத்தை மீட்டுக் கொண்டுவந்தார்கள்.

இனி கைக்கு வந்தது எவ்வளவு என்று பார்ப்போம். 2018-இல் முதலில் 2,500 ரூபாய் வரை கட்டியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019 பிப்ரவரி முதல் ஜூலை 31 வரை எல்லோரிடமும் விண்ணப்பம் வாங்கினார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி விண்ணப்பங்கள் வந்தன. வாடிக்கையாளர் 5.85 கோடி என்று பார்த்தோம். ஒருவரே பல பத்திரம் வைத்திருந்திருப்பார், சிலர் முன்பே பணம் வாங்கியிருப்பார்கள் என்று கழித்தாலும், கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகத் தெரியாமலும், பத்திரத்தைத் தொலைத்தும், செய்தியே காதுக்கு எட்டாமலும் விடுபட்டவர்கள் நிறைய இருப்பார்கள். விண்ணப்பித்தவர்களுக்கும் ஒரே தடவையில் கொடுக்கவில்லை. கட்டிய அசல் 5,000 வரை, பிறகு 7,000 வரை, 10,000 வரை, 15,000 வரை என்று கீழிருந்து மேலாக ஏறிவந்தார்கள். சின்னத் தொகை கட்டியவர் ஏழையாக இருப்பார், அவருக்கு முதலில் போகட்டும் என்ற யோசனை சரியானது. 2023 வரையிலான கணக்கில் சுமார் 20 லட்சம் பேருக்கு ஏறக்குறைய 1,000 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்திருந்தது.

49,100 கோடியில் 1,000 கோடி என்றால் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய். வாசகியின் மாமியார் கட்டிய 36,000 ரூபாய் அந்த வரிசையில் மேலே நிற்கிறது. அதனால்தான் இன்னும் வரவில்லை. வருவது அசலாக இருக்கும். அன்றைக்குச் சொன்ன நில மதிப்பை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வட்டியோடு ஆறு மாதத்தில் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அசல் பத்திரத்துக்கு வருவோம். அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று லோதா குழு பலமுறை பொது அறிவிப்பு கொடுத்திருக்கிறது. அசல் தேவைப்பட்டால், விண்ணப்பித்தவருடைய கைபேசிக்குக் குழுவிடமிருந்து குறுஞ்செய்தி வரும். அதில் சொல்கிறபடி நீங்களே அனுப்ப வேண்டும். விண்ணப்பத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. ஊரில் வசூல் செய்ய எந்தச் சங்கத்துக்கும், எந்த ஆளுக்கும் குழு அதிகாரம் கொடுக்கவில்லை. பத்திரத்தை வாங்கிப்போனவர் அதை வைத்து என்ன செய்வார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்குக் குழு அசலைக் கேட்டால் உங்கள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. 36,000 ரூபாய்க்கு இப்போது இருக்கிற ஒரே சாட்சி அந்தக் காகிதம்தான்.

வந்தவர் உறவுக்காரராக இருந்தால் முகத்துக்கு நேரே மறுப்பது சங்கடம்தான். முதல் தடவை பணம் போனதும் அந்தச் சங்கடத்தால்தான். பழைய ஏஜென்டுகளையும் ஒரேயடியாகத் திட்டிப் பயனில்லை. அவர்களில் பலர் தங்கள் வீட்டுப் பணத்தையும் போட்டவர்கள். நிறுவனம் விழுந்ததும் தெருவில் தலைகாட்ட முடியாமல் ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் பழைய ரசீதுகள், பதிவு எண் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கி வைப்பது உதவும்.

பல விண்ணப்பங்கள் குறை உள்ளவை என்று நின்றுபோனதற்குக் காரணம் பெயர்தான். பத்திரத்தில் கணவர் இனிஷியல், பான் அட்டையில் தகப்பனார் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது, பயிர்க்கடனிலும் பி.எம்.கிசானிலும் இதே தொல்லையைப் பார்க்கிறோம். குறையைத் திருத்திக்கொள்ள குழு அவ்வப்போது காலக்கெடு கொடுத்திருக்கிறது. அதற்கென செபி நடத்தும் இணையப் பக்கத்தில் ஒப்புகை எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்க முடியும். கட்டியவர் இறந்துவிட்ட குடும்பங்கள் இறப்புச் சான்றையும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றையும் இப்போதே வாங்கி வைக்க வேண்டும். கடைசித் தேதி அறிவித்த பிறகு வாரிசுச் சான்றுக்கு அலைந்தால் நாள் போதாது. 2019-இல் விண்ணப்பமே போடாதவர்களும் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். ஆனால் பழைய தேதியில் விண்ணப்பம் சேர்த்துவிடுகிறேன் என்று எவராவது காசு கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர்.

இரண்டு ஏக்கர் புஞ்சைக்காரருக்கு இன்னும் ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றில் பெயர் வந்ததால் நீங்கள் தப்பினீர்கள். பதிவு செய்யாத ஒப்பந்தமும் பதிவில்லாத பவரும் வில்லங்கத்தில் வராது. ஆகவே இப்படிப்பட்ட நிலங்களுக்கு முப்பது ஆண்டு வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் வரிசையாக வைத்து, இடையில் கம்பெனி பெயர் வந்தால் அந்தக் கம்பெனி யாருடையது என்று கேட்டாக வேண்டும். குழுவின் சொத்துப் பட்டியலில் அந்த ஊரும் சர்வே எண்ணும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பி.ஏ.சி.எல். நிலத்தை முறைப்படி வாங்க ஆசைப்பட்டால் லோதா குழு நடத்தும் ஏலம் ஒன்றுதான் வழி. ஏற்கெனவே வாங்கி ஏர் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், பயந்துபோய் இன்னொருவர் தலையில் கட்டிவிடாமல், ஒரு வழக்கறிஞர் மூலம் ஆட்சேபம் பதிவு செய்யும் வழியைப் பார்க்க வேண்டும்.

ஈமு கோழியில் 2012-இல் பெருந்துறைப் பக்கம் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. கோழி மாறும், தேக்கு மாறும், நிலம் மாறும். புதிதாக யாராவது வந்து மாதத் தவணையில் நிலம், மாடு, மூலிகைத் தோட்டம் என்று ஆரம்பித்தால், செபியிலோ ரிசர்வ் வங்கியிலோ பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ரிசர்வ் வங்கி நடத்தும் சாசெட் என்ற இணையத்தளத்தில் புகாரும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசாரிடம் போகலாம். முதலீட்டாளர் நலன் காக்க 1997-லேயே இங்கே தனிச் சட்டம் இருக்கிறது. வீடு வீடாக வந்து அசல் பத்திரம் கேட்கிறவரைப் பற்றியும் அங்கேயே எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

வாசகிக்குக் கடைசியாக ஒரு சின்ன வேலை. 2019-இல் பேரன் விண்ணப்பத்தில் எந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்தான் என்று ஒப்புகைச் சீட்டில் பாருங்கள். குழுவின் செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் என்றால் அந்த எண் வேறு யாருக்காவது போயிருக்கலாம். இன்னும் கையில் இருந்தால் இன்றைக்கே ரீசார்ஜ் செய்து, பத்திரத்தோடு அந்த எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.